முழங்கால் வலி: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

காரைக்குடிப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறவன் நான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நிறையச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். தைலம், ஸ்கேன், ஊசி, மூட்டு உறை, யாரோ கொடுத்த பொடி. அவற்றில் பாதி சரியான வைத்தியம்தான். வரிசைதான் தலைகீழாக இருக்கும். கடைசியில் எடுக்க வேண்டிய ஸ்கேனை முதல் நாளே எடுத்திருப்பார்கள், முதல் வாரமே தொடங்க வேண்டிய பயிற்சியை ஆறு மாதம் கழித்துக் கேட்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியை வரிசையை வைத்தே எழுதியிருக்கிறேன். எண் மாறாமல் படியுங்கள்.

1. மருத்துவரிடம் போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள். வலி எப்போது தொடங்கியது, அன்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்த வேலையில் கூடுகிறது, காலையில் எழுந்ததும் மூட்டு எத்தனை நிமிடம் இறுக்கமாக இருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. ஆனால் நோயைப் பிரித்தறிய அது மிகவும் உதவும். மூன்று நாள் கடிகாரம் பார்த்து எழுதினால் போதும்.

சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம், வயிற்றுப்புண் இவற்றைப் பார்த்துத்தான் எந்த வலி மாத்திரை கொடுக்கலாம் என்று முடிவு செய்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு லேசான அடியிலும் மூட்டுக்குள் ரத்தம் கட்டலாம்.

இரண்டு முழங்காலும் தெரிகிற மாதிரி உடுத்திப் போங்கள். ஒரு மூட்டைப் பார்த்து வீக்கம் எவ்வளவு என்று சொல்ல முடியாது, மற்றதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். தினம் போடும் செருப்போடு போவதும் நல்லது. ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் நடை எப்படி என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் வேண்டியவை குறைவுதான்: கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி, ஒரு துண்டு, கிரேப் பேண்டேஜ், ஃப்ரிட்ஜில் ஐஸ்.

2. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மூட்டு சுடுகிறது, சிவந்து வீங்கியிருக்கிறது, கூடவே காய்ச்சல் இருக்கிறது, அசைக்கவே முடியவில்லை. இது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரித்துப்போகும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களும் மூட்டில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் இதில் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். போகிற வழியில் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மூட்டில் இருந்து நீர் எடுத்துச் சோதிக்கும்போது கிருமி எது என்று தெரியாமல் போய்விடும்.

அடிபட்ட பிறகு முழங்காலின் வடிவமே மாறியிருக்கிறது, அல்லது பாதம் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போகிறது என்றால் ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். இதில் மணிக்கணக்கில்தான் அவகாசம். சுளுக்கு எடுக்கிறவரிடம் போய்விட்டு அப்புறம் மருத்துவமனை போகலாம் என்று நினைத்தால் காலையே இழக்க நேரும்.

நான்கு அடி கூட ஊன்ற முடியவில்லை என்றால் எலும்பு முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுத்த நிலையில் காலை நேராகத் தூக்கவே முடியாவிட்டால் முழங்கால் சிப்பி, அதாவது முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் வட்ட எலும்பு, உடைந்திருக்கலாம், அல்லது அதை இழுக்கும் தசைநார் அறுந்திருக்கலாம். இரண்டுக்கும் அன்றே காட்ட வேண்டும். அறுந்த தசைநாரைத் தாமதமாகத் தைப்பது கடினம்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கிறது, கூடவே மூச்சு வாங்குகிறது என்றாலும் 108-தான். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

பிள்ளைகள் முழங்கால் வலி என்று சொல்லி நொண்டினால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவது உண்டு. முழங்காலை மட்டும் படம் எடுத்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாலை விபத்து என்றால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். 2021-ல் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தின்படி, அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சேர்க்கும்போதே கேளுங்கள்.

3. அடிபட்டதா, தானாக வந்ததா

மேலே சொன்னது எதுவும் இல்லையென்றால் அடுத்த கேள்வி இதுதான். ஒரு குறிப்பிட்ட நொடியைச் சொல்ல முடிகிறதா? "வாலிபால் ஆடும்போது திரும்பினேன், மடக்கென்றது", "வண்டி சறுக்கி முழங்கால் தரையில் மோதியது" என்று சொல்ல முடிந்தால் 4-ம் பகுதிக்குப் போங்கள். "எப்போ ஆரம்பிச்சுதுன்னே தெரியல" என்றால் 5-ம் பகுதி. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. அடிபட்ட காலுக்கு முதல் மூன்று நாள் ஆகாத சூடும் நீவலும் நாள்பட்ட வலிக்கு இதமாக இருக்கலாம். அதே மாதிரி அடிபட்ட காலுக்கு வேண்டிய ஓய்வை, தேய்மானம் உள்ள காலுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் தொடைத்தசை கரைந்து வலி கூடும்.

4. அடிபட்ட முழங்கால்: முதல் மூன்று நாள்

முதலில் நிறுத்துங்கள். ஆட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன், மஞ்சுவிரட்டுத் திடலில் இன்னொரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. முன்பக்கச் சிலுவைத் தசைநார், அதாவது ஏசிஎல், அறுந்தவர்களில் பலர் சில நிமிடத்தில் வலி குறைந்து மறுபடி இறங்கியிருப்பார்கள். அந்த இரண்டாவது மடக்கில்தான் மூட்டுக்குள் இரண்டு எலும்புக்கும் இடையே மெத்தை மாதிரி இருக்கும் பிறைச் சவ்வும் கிழியும்.

அடுத்து கடிகாரம். வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பந்து மாதிரி வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள்: ஏசிஎல் அறுந்திருக்கலாம், எலும்பு விரிசலாக இருக்கலாம், சிப்பி விலகி மறுபடி உட்கார்ந்திருக்கலாம். மறுநாள் காலையில் மெதுவாக வீங்கியிருந்தால் பிறைச் சவ்வுக் கிழிசலுக்கு வாய்ப்பு அதிகம். இந்த ஒரு தகவல் பல நேரம் ஸ்கேனுக்கு முன்பே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

அப்புறம் ஐஸ். துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. தோலில் நேரடியாக வைத்தால் புண்ணாகும். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஐஸ் வைக்க வேண்டாம், அவர்களுக்குத் தோல் பொசுங்குவதே தெரியாது.

கிரேப் பேண்டேஜை முழங்காலுக்குக் கீழே தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். மேலிருந்து கீழே சுற்றினால் வீக்கம் பாதத்தில் இறங்கிவிடும். விரல் நீலம் பூத்தால் அல்லது மரத்தால் அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். படுக்கும்போது மட்டும் கழற்றிவிடலாம்.

காலை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வைக்கச் சொன்னால் எல்லோரும் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் சொருகிவிடுகிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் நடக்கிற தவறு இதுதான். மடங்கின நிலை இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் சில வாரத்தில் கால் அப்படியே மடங்கி நின்றுவிடும், அதை நிமிர்த்துவது அசல் காயத்தைவிடப் பெரிய வேலை. தலையணை குதிகாலில் இருந்து கெண்டைக்கால் வரை தாங்க வேண்டும், முழங்கால் நேராக இருக்க வேண்டும்.

முதல் மூன்று நாள் நீவ வேண்டாம், சூடு வேண்டாம், மது வேண்டாம். மூன்றும் உள்ளே ரத்தக் கசிவைக் கூட்டும். படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருங்கள், ரத்த ஓட்டம் தேங்காமல் இருக்கும்.

மூன்று நாளுக்குப் பிறகு என்ன தெரிகிறது என்று பாருங்கள். திரும்பும்போது கால் "கழன்று போற மாதிரி" இருந்தால் ஏசிஎல் பக்கம் சந்தேகம். மடக்கிய கால் நீட்ட வராமல் சிக்கிக்கொண்டால் கிழிந்த சவ்வுத் துண்டு இடையில் மாட்டியிருக்கலாம், எலும்பு மூட்டு மருத்துவரை அந்த வாரமே பார்க்க வேண்டும். உட்பக்கம் மட்டும் தொட்டால் வலி, பக்கவாட்டில் தள்ளினால் வலி என்றால் உட்புறப் பக்கத் தசைநார். அது பெரும்பாலும் அறுவை இல்லாமலே சில வாரத்தில் ஆறிவிடும். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று சொன்னால் எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு.

ஏசிஎல் அறுந்த எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டம் ஆடுகிற இளைஞர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படும். கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரர் தசையைப் பலப்படுத்தியே சமாளிக்கலாம். அறுவை என்று முடிவானாலும் முதலில் வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீள வேண்டும். விறைத்த மூட்டில் அறுவை செய்தால் விறைத்த மூட்டுதான் கிடைக்கும். ஆட்டத்துக்குத் திரும்ப குறைந்தது ஒன்பது மாதம் ஆகும். ஐந்தாம் மாதம் நன்றாக ஓட முடிகிறதே என்று கபடிக் களத்தில் இறங்குகிறவர்கள்தான் மறுபடி அறுத்துக்கொள்கிறார்கள்.

5. தானாக வந்த வலி: இடம், நேரம், கூட்டாளி மூட்டுகள்

"ஆச்சி, எங்கே வலிக்குதுன்னு ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க" என்றுதான் நான் ஆரம்பிப்பேன். உள்ளங்கையால் மூட்டு முழுவதையும் தடவிக் காட்டினால் மூட்டுக்குள் பிரச்சினை. ஒரு விரலால் ஓரிடத்தைக் காட்டினால் பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உட்பக்கம், எலும்பின் மேல் தொட்டால் வலி என்றால் அங்குள்ள தசைநார்ப் பையின் அழற்சியாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தாலும் வலி அதில் இருந்து வராமல் இங்கிருந்து வரலாம். சிப்பியின் முன்பக்கத்திலேயே முட்டை மாதிரி வீக்கம் என்றால் முட்டிபோட்டு வேலை செய்கிறவர்களுக்கு வரும் நீர்ப்பை வீக்கம். தளக்கல் பதிக்கிறவர்களிடம் அதிகம் பார்க்கலாம். முட்டிக்கு அடியில் மெத்தை வைப்பதுதான் முதல் வைத்தியம். பின்பக்கக் குழியில் உருண்டை தெரிந்தால் மூட்டில் சேர்ந்த நீர் பின்னால் பிதுங்கியிருக்கிறது. அது உருண்டைக்கான வைத்தியத்தில் தீராது, உள்ளே நீர் ஏன் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

இளவயதுப் பெண்ணுக்குச் சிப்பியைச் சுற்றி வலி, படி இறங்கினால், ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் கூடுகிறது என்றால் சிப்பி சரியாக ஓடவில்லை. தொடை, இடுப்புத் தசைப் பயிற்சியில் சரியாகும். 10 முதல் 15 வயதுப் பையன் ஓடி விளையாடிவிட்டு முழங்காலுக்குக் கீழே உள்ள மேட்டைத் தொட்டு வலி என்றால் வளர்ச்சியோடு வருவது. ஆட்டத்தைக் குறைத்தால் போதும், பயப்பட வேண்டாம்.

இப்போது காலை இறுக்கம். 45 வயதுக்கு மேல், நடந்தால் வலி, உட்கார்ந்தால் குறைவு, காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால் அது தேய்மானம். இதற்கு ஸ்கேன் கூடத் தேவையில்லை, கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இறுக்கம் ஒரு மணி நேரம் நீடிக்கிறது, இரண்டு முழங்காலும், கை விரல் கணுக்களும் சேர்ந்து வீங்குகின்றன என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். இதைத் தேய்மானம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது பெரிய நஷ்டம். தொடங்கின சில மாதங்களுக்குள் சரியான மருந்து கொடுத்தால் மூட்டு கெடாமல் காப்பாற்றலாம், அப்புறம் கெட்டது திரும்பாது. மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். காரைக்குடியில் கிடைக்காவிட்டால் மதுரை போங்கள்.

நள்ளிரவில் திடீரென்று, போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி, மூட்டு சிவந்திருக்கிறது என்றால் யூரிக் அமிலப் படிவு. கால் பெருவிரலில் வருவதுதான் வழக்கம், முழங்காலிலும் வரும். கல்யாண வீட்டில் ஈரலும் சுக்காவும் ஒரு பிடி பிடித்து, மதுவும் சேர்ந்துகொண்டால் மறுநாள் தொடங்குவது உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவாகவே வரலாம். அதை நம்பி விட்டுவிடாமல் வலி அடங்கிச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் 2-ம் பகுதியில் சொன்ன சீழ்தான் முதல் சந்தேகம், இதல்ல.

சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலிப்பதும் இருக்கிறது. காய்ச்சல் வந்த மாதத்தை நோட்டில் எழுதினால் மருத்துவர் தேட வேண்டியது குறையும்.

6. படம் எப்போது, எந்தப் படம்

வலி தொடங்கிய வாரமே சென்னையில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ பிள்ளைகள் போன் போட்டு "எம்ஆர்ஐ எடுத்துருங்கம்மா" என்பார்கள். அக்கறைதான், ஆனால் வரிசை தவறு. 50 வயதைத் தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல் எம்ஆர்ஐயில் சவ்வுக் கிழிசல் தெரியும். அறிக்கையில் அந்த வரியைப் படித்ததும் வீடே கலங்கிப்போகும், தேவையில்லாத அறுவை வரை போகும். தேய்மான மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவுவது பலன் தராது என்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம்.

தேய்மானத்துக்குப் படம் வேண்டுமென்றால் எக்ஸ்ரே போதும், அதுவும் நின்றபடி. படுத்தபடி எடுத்தால் உடல் எடை மூட்டில் இறங்காது, இடைவெளி நன்றாக இருப்பது போலத் தெரியும். எடுக்கிறவரிடம் "நின்னு எடுக்கணும், ரெண்டு காலும் சேர்த்து" என்று நீங்களே சொல்லுங்கள்.

எம்ஆர்ஐ எப்போது? அடிபட்டுக் கால் கழல்கிறது, மூட்டு பூட்டிக்கொள்கிறது, அறுவை பற்றி மருத்துவர் யோசிக்கிறார் என்ற மூன்றில் ஒன்று இருந்தால். விடை மாறினால் வைத்தியம் மாறுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாறாது என்றால் காசை வைத்துக்கொள்ளலாம்.

7. பயிற்சி: எதில் தொடங்கி எதற்குப் போவது

முழங்காலுக்கு அதிர்ச்சி தாங்குவது முன்தொடைத் தசை. வலித்தால் அந்தத் தசையைத்தான் உடல் முதலில் அணைத்துவிடுகிறது. நடையைக் குறைக்க, தசை இளைக்க, எடை நேராக மூட்டில் இறங்க, வலி இன்னும் கூடும். இந்தச் சுற்றை எந்த மாத்திரையும் உடைப்பதில்லை.

முதல் படி: கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள், அதைக் கீழே அழுத்துங்கள். 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. தொடையில் கையை வைத்துப் பாருங்கள், தசை கல்லாக வேண்டும். மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி, வலிக்கும் காலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள். நல்ல காலை மடக்காமல் செய்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், பலர் இங்கேதான் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அதே எண்ணிக்கையில் பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குங்கள். இடுப்புப் பக்கத் தசை பலமில்லாமல் முழங்கால் உள்ளே சாயும்.

மூன்றாம் படி: நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது. முதலில் கைப்பிடியைப் பிடித்து, அப்புறம் பிடிக்காமல். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள், பாதிப் பலன் இறங்குவதில்தான் இருக்கிறது. நாற்காலி தாழ்வாக இருந்தால் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உயர்த்துங்கள்.

நான்காம் படி: திண்ணைக்கு ஏறும் வாசற்படிகளில் தாழ்வான ஒன்றில், தூணைப் பிடித்தபடி ஏறி இறங்குவது. நம் பழைய வீட்டுப் படிகள் சில ரொம்ப உயரம். அவற்றில் தொடங்க வேண்டாம், நாலைந்து அங்குலம் போதும்.

அடுத்த படிக்கு எப்போது போவது? 10 முறை மூன்று சுற்று செய்தும் மறுநாள் காலை வலி கூடவில்லை என்றால் போகலாம். பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு மூன்று நான்கு அளவு வலி பரவாயில்லை. மறுநாளும் கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு படியைத் தினமும் செய்யலாம். மூன்றும் நான்கும் வாரம் மூன்று நாள் போதும், தசைக்கு ஓய்வு வேண்டும்.

பலன் தெரிய ஆறு வாரம் ஆகும், நன்றாகத் தெரிய பன்னிரண்டு வாரம். இரண்டாம் வாரத்தில் "ஒண்ணும் கேக்கலயே தம்பி" என்று வருகிறவர்கள்தான் அதிகம். கேட்காதுதான்.

நடையை ஊருணிக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள், சமதளமாக இருக்கும் பக்கமாக. 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டுங்கள். எடை கூடுதலாக இருந்தால் 1 கிலோ குறைத்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தவர்களுக்கு வலியில் நல்ல மாற்றம் தெரியும். மாலைப் பலகாரத்தைப் பாதியாக்குவதில் இருந்து ஆரம்பிக்கலாம். வெள்ளைப் பணியாரத்தை அடியோடு விடச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

வெளியே வர முடியாத பெரியவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

8. வீட்டைத் திருத்துவது

பயிற்சியில் கிடைத்த பலனை வீடு தின்றுவிடும். வளவு வீடு, அதாவது கட்டுக் கட்டாக உள்ளே நீளும் பழைய செட்டிநாட்டு வீடு என்றால் வாசலில் இருந்து கொல்லை வரை எத்தனை நிலைப்படி, எத்தனை இறக்கம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரியவரின் கட்டில் இரண்டாம் கட்டிலும் கழிப்பறை கொல்லைப்புறத்திலும் இருந்தால் ராத்திரி எழுந்துபோகும் ஒவ்வொரு முறையும் விழும் வாய்ப்புதான். முதலில் கட்டிலைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். செலவே இல்லாத மாற்றம், ஆனால் "அப்பத்தா அந்த ரூமை விட்டு வர மாட்டாங்க" என்பதால் கடைசி வரை நடக்காதது.

அடுத்தது மேற்கத்தியக் கழிப்பறை, பக்கத்தில் சுவரில் பிடிப்புக் கம்பி. குத்துக்காலிட்டு உட்காருவதுதான் முழங்காலுக்கு அதிகச் சுமை. கட்ட முடியாதவர்கள் நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி வாங்கிக்கொள்ளலாம்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரை நனைந்தால் வழுக்கும். முற்றத்தில் இருந்து ஏறும் இடத்தில் மழைநாளில் கால்மிதி போடுங்கள், அது நகராமல் இருக்க அடியில் ரப்பர் இருக்க வேண்டும். சமையலறையில் அரிவாள்மணையை விட்டு மேடையில் கத்தி, பலகை. பந்தியில் தரையில் உட்கார வேண்டாம். நாற்காலி கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஊன்றுகோல் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில். இதை நம்ப வைப்பது கஷ்டம், எல்லோரும் வலிக்கும் பக்கமே பிடிப்பார்கள். எதிர்க் கையில் பிடித்தால் வலிக்கும் காலை ஊன்றும் நேரத்தில் கோலும் சேர்ந்து எடையை வாங்கும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்குக் கோல் இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். குன்றக்குடி மலைக்குப் போகிறவர்கள் இறக்கத்தில் அவசரப்படக் கூடாது. ஏற்றத்தில் வலி தெரியாத மூட்டும் இறக்கத்தில் காட்டிக்கொடுக்கும்.

9. மருந்து, ஊசி, பொடி

வரிசை இது: பூசும் வலி ஜெல், அது போதாவிட்டால் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை குறுகிய காலத்துக்கு, அப்புறம்தான் மூட்டில் ஊசி. ஜெல் தோல் வழியாக மூட்டுக்குப் போவதால் வயிறும் சிறுநீரகமும் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. வலி மாத்திரைகள் அப்படியல்ல. சிறுநீரகம், ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்கள் கடையில் சொல்லி வாங்கவே கூடாது. ஒரே வகை மருந்து இரண்டு பெயரில் இரண்டு சீட்டில் இருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். அதற்குத்தான் பையில் போட்டுக் கொண்டுபோகச் சொன்னேன்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம், சிலருக்கு மூன்று மாதம் வரை நிம்மதி தரும். அந்த நிம்மதியில் பயிற்சியைத் தொடங்காவிட்டால் ஊசி வீண். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். மூட்டு மாற்று அறுவை நெருக்கத்தில் இருந்தால் ஊசி வேண்டாம், மூன்று மாத இடைவெளி வேண்டும், இல்லையென்றால் கிருமித் தொற்று வாய்ப்பு கூடும். குளுக்கோசமின் மாத்திரைக்கு மாதாமாதம் செலவழிப்பதைவிட நல்ல செருப்பு வாங்கலாம்.

பெயர் ஒட்டாத பொடி, உருண்டை: இரண்டே நாளில் அதிசயமாக வலி போனால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

10. பழனிப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு

தைப்பூசத்துக்கு நடக்கிறவர்கள் மார்கழியில் கேட்க வருகிறார்கள். ஐப்பசியிலேயே நடக்கத் தொடங்க வேண்டும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள். தசை சீக்கிரம் பழகிவிடும், தசைநார் மெதுவாகத்தான் பழகும். வெறுங்காலில் நடப்பது வேண்டுதல் என்றால் பழகும் நடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெறுங்காலில் நடந்து பாருங்கள். தார்ச்சாலை ஓரம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஒரே ஓரத்தில் நாள் முழுக்க நடந்தால் முழங்காலின் வெளிப்பக்கம் எரியும், சமமான இடமாகப் பார்த்து நடங்கள். காவடி எடுக்கிறவர்கள் அந்த எடையோடும் சில நாள் பழக வேண்டும்.

வழியில் வலி வந்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதுதான் வழக்கம். தண்ணீர் குறைவாகக் குடித்து, வெயிலில் நடந்து, கூடவே மாத்திரையும் என்றால் சிறுநீரகம் அடிவாங்கும். ஜெல், ஐஸ், ஓரிரவு ஓய்வு. வீங்கினால் வண்டியில் ஏறுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

11. மூட்டு மாற்று அறுவை

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும், எடை குறைத்தும், இரவில் தூக்கம் கெடுகிற வலி, தெருமுனை வரைகூட நடக்க முடியாத நிலை என்றால் பேச வேண்டிய நேரம். எக்ஸ்ரே மோசம் என்பது மட்டும் காரணமாகாது. ரொம்பத் தள்ளிப் போடுவதும் சரியில்லை. தசை முழுக்கக் கரைந்த பிறகு மாற்றினால் மூட்டு புதிது, தூக்கிவிடத் தசை இருக்காது. மாற்றிய மூட்டு பத்தில் எட்டுப் பேருக்கு 25 வருடம் வரை உழைக்கிறது, அதனால் "பத்து வருஷத்துல தேஞ்சிரும்" என்று பயப்பட வேண்டாம்.

தேதி வாங்கும் முன் செய்ய வேண்டியவை: சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் கட்டுக்குள் கொண்டுவருவது, சொத்தைப் பல், கால் புண், சிறுநீர்த் தொற்று எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது (அங்கிருந்துதான் கிருமி மூட்டுக்கு வரும்), 7-ம் பகுதிப் பயிற்சியைத் தொடர்வது, 8-ம் பகுதியில் சொன்ன வீட்டு மாற்றங்களை முடித்துவைப்பது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்த அறுவை அதில் வருமா, எந்த மருத்துவமனையில் என்று சேரும் முன்பே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பல நேரம் நடக்காது.

அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் மறுநாளே, சில இடங்களில் அன்றே, நிற்க வைப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் எல்லோரும் மடக்குவதிலேயே குறியாக இருக்கிறார்கள், நீட்டுவதை விட்டுவிடுகிறார்கள். முதலில் முழுதாக நீட்ட வர வேண்டும், அதோடு 90 பாகை மடக்கம். முழுதாக நீளாத கால் கடைசி வரை நொண்டும். இங்கும் முழங்காலுக்கு அடியில் தலையணை கூடாது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அன்பாகச் சொருகிவிடுவார்கள், எடுத்துவிடுங்கள்.

வீக்கமும் சூடும் சில மாதம் இருக்கும், அதனால் மட்டும் பதற வேண்டாம். காயத்தில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், வலி குறைந்துகொண்டே வந்தது திடீரென்று கூடினால், கெண்டைக்கால் வீங்கினால் அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள். உள்ளூரில் ஆன்டிபயாட்டிக் எழுதி வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.